கழுவிய கண்ணாடி

1931 மார்ச் 14, சனிக்கிழமை. சைகோன் வியேனோ தெருவில், ஷம்சுல் ஆலம் மரைக்காயரின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில், நாற்பத்திரண்டு புகைப்படங்கள் மாட்டப்பட்டன. எல்லாம் ஒரே அளவு, பதின்மூன்றுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டிருந்தது.

பதினான்காம் எண் படத்தின் கண்ணாடியில் ஒரு காது இருந்தது.

அகுஸ்தேன் முதலில் அதைக் கைரேகை என்றுதான் எடுத்துக்கொண்டான். சட்டத்தை ஆணியில் மாட்டும்போது பெருவிரல் பட்டிருக்கும், வியர்வை பதிந்திருக்கும் என்று கைக்குட்டையால் துடைத்தான். அடைத்த மரச்சட்டச் சன்னல்களின் இடுக்கு வழியே பிற்பகல் வெயில் கோடுகோடாக விழுந்துகொண்டிருந்த அந்த நீளமான அறையில், கீழே கடையிலிருந்து புதுத்துணியின் கஞ்சி வாசனையும், கத்தரி ஓடித் துணி கிழியும் ஓசையும் மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. துடைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தான். காது அங்கேயே இருந்தது. மூச்சு பட்ட இடம் போல் மங்கலாக, ஆனால் மடிப்பும் குழியும் தெரியும்படி. கண்ணாடியின் உள்பக்கத்தில்.

படத்தில் இருந்தவள் அவன் மகள் ரோஸ். ஏழு வயது. வெள்ளை கவுன், தலையில் பெரிய ரிப்பன், மடியில் கோத்த கைகள். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து எடுத்த படம். இடது கன்னத்தில் வெளிச்சம், வலதுபக்கம் முழுக்க நிழல். வலது காது படத்தில் இல்லவே இல்லை. கண்ணாடியில் இருந்த காது சரியாக அந்த நிழலின்மேல் உட்கார்ந்திருந்தது.

"இன்னா அகுஸ்தேன், பொண்ணு படத்தையே பாத்துக்கினு நின்னா மத்ததை யாரு மாட்டறது?" என்றார் கரியமாணிக்கம். சுங்க இலாகாவில் எழுத்தர். புகைப்படச் சங்கத்தின் செயலாளர். ஏணியின்மேல், வாயில் நாலு ஆணிகளைக் கவ்விக்கொண்டு நின்றார்.

"கண்ணாடியில கறை."

"கண்ணாடி நீ கொண்டாந்தது. கறையும் உன்னுதுதான்."

சங்கத்துக்கு மூன்று வயது. பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்கள் பதினெட்டுப் பேர். பகலில் அரசாங்கத் தாள்களையும் ஜவுளியையும் புரட்டுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள். போன வருடக் கண்காட்சியில் படங்களை வெறுமனே அட்டையில் ஒட்டி மாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஈரக்காற்று எல்லாவற்றையும் அப்பளம் போல் சுருட்டிவிட்டது. இந்தத் தடவை கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று கரியமாணிக்கம் தீர்மானம் போட்டார். தலைப்பும் அவரே வைத்தார்: 'வீட்டு முகங்கள்'. அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளை அவரவர் எடுத்த படம். மரைக்காயர் மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களை மாட்டமுடியாது என்று சொல்லிவிட்டு, கான் ஹொய் துறைமுகத்தை எடுத்துக் கொடுத்தார். அது முப்பத்தொன்றாம் எண். ஆற்றங்கரை, பாரந்தூக்கி, ஓரமாகத் தகரம் வேய்ந்த நீண்ட கொட்டகை. ஆள் ஒருவரும் இல்லை.

இத்தனை கண்ணாடியை அளவாக வெட்டித் தர மூன்று வாரமாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அகுஸ்தேன் சொன்னான், தன்னிடம் இருக்கிறது என்று. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பழைய பிளேட்டுகள், மருந்து பூசிப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள், கழுவினால் வெறும் கண்ணாடி ஆகிவிடும் என்று. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. யாரும் மேலே கேட்கவில்லை.

ஸ்டுடியோ என்பது பொய்.

அகுஸ்தேன் வேலை பார்த்த குடியேற்ற அலுவலகத்தில், கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டு ஆசியர்களைச் சுவரோரம் நிறுத்தி, நெஞ்சில் எண் எழுதிய சிலேட்டைக் கொடுத்து, ஒரே பிளேட்டில் இரண்டு படம் எடுப்பார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் வலது காது துலக்கமாக விழவேண்டும். தாடி வளரும், உடம்பு இளைக்கும், காது மாறாது என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. ஒன்பது வருடமாக அந்தக் காமிராவுக்குப் பின்னால் நின்றவன் அகுஸ்தேன். சிலேட்டில் எண் எழுதுகிறவனும் அவனே. நேரே பார். அசையாதே. திரும்பு. அசையாதே. இந்த நாலையும் ஐந்து பாஷையில் சொல்வான்.

செத்தவர்களின் பிளேட்டுகளை இரண்டு வருடம் வைத்திருந்து, உடைத்து ஆற்றில் கொட்டிவிடவேண்டும். கொட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுபது பிளேட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். எல்லாம் இரண்டு வருடம் முன்பு ஒரே கப்பலில் வந்தவர்கள். காலரா என்று கான் ஹொய் கொட்டகையில் அடைத்து வைத்தார்கள். கதவு திறந்தபோது மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம். கழுவும்போது உடைந்தது போக நாற்பத்திரண்டு கண்ணாடிகள் தேறின. அளந்து வைத்தது போல.

ஏணியிலிருந்து இறங்கிய கரியமாணிக்கம் பதினான்காம் எண்ணைக் கழற்றி, பின் அட்டையை எடுத்து, கண்ணாடியைத் தனியே பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சுத்தமாத்தான் கீது."

"ஊதிப் பாருங்க."

ஊதினார். மூன்று நொடி. கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து, பனிக்குள் ஒரு மனிதன் எழுந்து வந்தான். வலப்பாதியில் நேராக, இடப்பாதியில் பக்கவாட்டாக. தொப்பி இல்லாத தலை, ஒட்டிய கன்னம். பக்கவாட்டுப் படத்தில் காது. பனி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்தது. முகம் போயிற்று. கழுத்து போயிற்று. காது கடைசியாகப் போயிற்று.

கரியமாணிக்கம் சிரித்தார். "பழைய பிளேட்டுப்பா. வருசக்கணக்கா மருந்து உக்காந்த எடம், கொஞ்சம் கடிச்சிருக்கும். இதுக்கா மூஞ்சி வெளுத்துப்போச்சு உனக்கு? ஆமா, இது இன்னா ஸ்டுடியோ? நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு எடுத்துக்கீறான். போலீஸ்காரன் நடத்துன ஸ்டுடியோவா?"

"எனக்கென்ன தெரியும்" என்றான் அகுஸ்தேன்.

ஆனால் அவனுக்குத் தெரிந்தது. அந்தக் காதின் மேல்விளிம்பில் நெல்முனை அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டைப் பற்றி அவன் வியாழக்கிழமைதான் கேள்விப்பட்டிருந்தான்.

வியாழன் காலை அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திய நாகூர்க்காரி. பெயர் நாச்சியா. மரைக்காயர் கடைக்கு ஓரம் தைத்துக் கொடுக்கிறவள். புருஷன் செய்யது மஸ்தான் முன்னால் வந்துவிட்டான்; அடுத்த கப்பலில் அவள் வந்து இறங்கியபோது அவனைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"எறங்குன அன்னைக்கு ஒரு படம் எடுப்பீஹல்ல. அது வேணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அவஹ மொகம் எனக்கு ஞாபகத்துல வர மாட்டேங்குது. நோன்புலேர்ந்து இப்படித்தான். கண்ணை மூடுனா சட்டை வருது, செருப்பு வருது. மொகம் வரலை. காது மட்டும் வருது. வலது காது. மேல ஒரு வெட்டு, சின்னப்புள்ளையில பட்டம் விடும்போது மாஞ்சா நூலு அறுத்தது. காதை வெச்சு மொகத்தைப் புடிச்சிடலாமுன்னு பாக்குறேன். முடியலை."

அகுஸ்தேன் பதிவேட்டைப் புரட்டினான். எண் 2216. அதற்கு நேரே அவன் கையெழுத்தில், 'பிளேட் அழிக்கப்பட்டது'.

"இல்லம்மா. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சா?"

"ஆபீசுல."

அவள் அவன் முகத்தையல்ல, பேனா பிடித்திருந்த கையைப் பார்த்தாள். காஸ்டிக் சோடாவில் தோலுரிந்து விரல்நுனிகள் சிவந்திருந்தன. பிறகு போய்விட்டாள்.

இப்போது, மாடியில், கரியமாணிக்கம் மறுபடி ஏணியில் ஏறிய பிறகு, அகுஸ்தேன் ரோஸின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். உபரிக் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சொன்னால் வேலை போகும். சுவரை ஒருமுறை பார்த்தான். நாற்பத்தொரு வீட்டு முகங்கள், முகமில்லாத ஒரு துறைமுகம். முப்பத்தொன்றாம் எண்ணைக் கழற்றி, அதன் கண்ணாடியை ரோஸுக்கும், ரோஸின் கண்ணாடியைத் துறைமுகத்துக்கும் மாற்றிப் போட்டான். அங்கே யாருக்கும் கெடுதல் இல்லை என்று சொல்லிக்கொண்டான். ஆணியில் மாட்டும்போது கீழே கடையில் நீளமாக ஒரு துணி கிழிந்தது.

சைகோனின் டக்காவ் வட்டாரத்தில் இருந்த வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ரோஸ் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரில் முதுகு ஒட்ட நின்றிருந்தாள். அவனைப் பார்த்து ஓடிவரவில்லை.

"சாயங்காலத்துலேர்ந்து காது அரிக்குதாம்" என்றாள் மனைவி ஜெர்மேன், சோற்றை வடித்துக்கொண்டே. "நல்லெண்ணெய் ஊத்தலாமுன்னு பாத்தா தொட விடமாட்டேங்குறா. கேளுங்க, உங்க பொண்ணுதானே."

"எந்தக் காதும்மா?"

ரோஸ் வலது கையை உயர்த்தினாள். ரிப்பனுக்குக் கீழே தொங்கிய முடிக்குள் விட்டு, மேல்விளிம்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எறும்பு கடிச்சிருக்கும்" என்றான்.

"எறும்பு இல்ல பப்பா. நூலு."

அவன் பிறகு சாப்பிடவில்லை. பின்கட்டுக்குப் போய், பிளேட் கழுவிய தொட்டியைப் பார்த்தபடி நின்றான். தொட்டி காய்ந்து, அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கும் சோடாத் தண்ணீரில் பிளேட்டுகளை இரண்டிரண்டாக மூங்கில் இடுக்கியால் விட்டு எடுத்தான். எலும்பு வேகிற மாதிரி ஒரு வாடை. மருந்துப்படலம் முதலில் நாலு மூலையிலும் சுருண்டு, பிறகு கொதித்த பாலின் ஏடு போல முழுசாக ஒரே இழுப்பில் கண்ணாடியை விட்டுக் கழன்று வந்தது. கழன்ற படலங்கள் அலசும் தொட்டியில் மிதந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், தலைகீழ் நிறத்தில். தோல் கறுத்து, முடி வெளுத்து. காகிதம் மாதிரி மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தண்ணீர் அலைந்தபோது வாய்கள் அசைந்தன.

ரோஸ் பக்கத்தில் குந்தியிருந்தாள். "பப்பா, எல்லாரும் கெழவங்களா?" என்று கேட்டாள், வெள்ளை முடியைப் பார்த்து. பிறகு அலசும் தொட்டியில் கைவிட்டு, ஒரு படலத்தைக் கிழியாமல் உள்ளங்கையில் ஏந்தி, தன் வலது கன்னத்தின்மேல் போர்த்திக்கொண்டாள். காதிலிருந்து தாடை வரை. "பாருங்க, நான் கெழவன்" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். உரித்து எறிந்து, முகம் கழுவிவிட்டான். ராத்திரி அவள் தூங்கும்போதுதான் பார்த்தான், காதோரம் ஒரு துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்ததை. நகத்தால் சுரண்டினான். வரவில்லை. காலையில் அது அங்கே இல்லை. உதிர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கண்காட்சி திறந்தது. பூசை முடிந்த கையோடு பாண்டிச்சேரிக் குடும்பங்கள் வந்தன. காரைக்கால் கடைக்காரர்கள் அத்தர் மணக்க வந்தார்கள். உள்ளூர் அன்னாமிய ஆசிரியர்கள் இரண்டு பேர் வெள்ளை கோட்டோடு வந்தார்கள். அகுஸ்தேனின் மேலதிகாரி மனைவியோடு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் "த்ரே பியான்" என்று பிரெஞ்சில் பாராட்டிக்கொண்டே நகர்ந்தார். பத்தரை மணிக்கு மாடியில் எண்பது பேர் இருந்தார்கள். காற்று இல்லை. அத்தனை பேர் மூச்சும் வியர்வையும் பவுடர் வாசனையும் கூரைக்குக் கீழே தேங்கி நின்றன. அகுஸ்தேன் ஒரு முறைகூடப் பதினான்காம் எண் பக்கம் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. காது இல்லை. அவனுக்கு இரண்டு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

நாச்சியா பதினோரு மணிக்கு வந்தாள்.

மரைக்காயர்தான் வரச்சொல்லியிருந்தார், தைத்துக் கொடுத்த சன்னல் திரைகளை ஒரு பார்வை பார்க்கட்டும் என்று. திரைகளைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக, ஒன்றாம் எண்ணிலிருந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஒரே அளவு நேரம் நின்று நின்று வந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கில் நின்றாள். நகரவில்லை.

"இங்க மாட்டி வெச்சிருக்கீஹ" என்றாள், திரும்பாமல். "இல்லேன்னு சொன்னீஹ."

பக்கத்தில் இருந்தவர்கள் அகுஸ்தேனைப் பார்த்தார்கள்.

மரைக்காயர் மெதுவாகச் சொன்னார்: "நாச்சியா, அது முசே அகுஸ்தேனோட மக படம்மா. சின்னப் பொண்ணு."

"எனக்குக் கண்ணு தெரியுது காக்கா" என்றாள், அண்ணன் முறை வைத்து. "இது எங்க ஊட்டுக்காரஹ."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ, பாவம், என்றார்கள். அகுஸ்தேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே, காகிதத்தில், ரோஸ் வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

இடது கன்னத்து வெளிச்சத்தைக் காணோம். வலது கன்னம் தெரிந்தது. முடி காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. மடியில் கோத்திருந்த கைகள் மடியில் இல்லை. நெஞ்சுக்கு ஏறியிருந்தன. விரல்கள் வளைந்து, இல்லாத எதையோ இரண்டு பக்கமும் பிடித்திருந்தன.

"இது என் மவ" என்றான் அகுஸ்தேன்.

நாச்சியா திரும்பி அவனைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. வருத்தத்தால் அல்ல. "வருது" என்றாள், தாழ்ந்த குரலில். "மொகம் வருது. மூக்கு, மீசை, சிரிச்சா விழுற கோடு, எல்லாம் வருது. பெரிய உபகாரம் செஞ்சீஹ. ஒங்க புள்ளையை அல்லா காப்பாத்தட்டும்." துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவன் கரியமாணிக்கத்தின் கையைப் பிடித்தான். "நேத்து இவ இந்தப் பக்கம் திரும்பியா இருந்தா?"

"எந்தப் பக்கம் திரும்புனா இன்னா, லட்சணமாத்தான் கீறா. கையி ஏன் இப்படி ஜில்லுனு கீது உனக்கு?"

"இந்தக் கண்ணாடியெல்லாம் கழட்டணும்."

"இன்னாது?"

"எல்லாத்தையும். இப்பவே. இந்தக் கண்ணாடி..."

நாலடி தள்ளி மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி, புன்னகையோடு, அவன் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார். அறை முழுக்க முகங்கள். சுவர் முழுக்க முகங்கள். கரியமாணிக்கத்தின் பேத்தி இருபதாம் எண்ணில், ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள், புதுமணப் பெண்கள், தூளியில் கிடக்கும் குழந்தை. எல்லோர்மேலும் அவன் கழுவிய கண்ணாடி.

"இந்தக் கண்ணாடி?" என்றார் கரியமாணிக்கம்.

"ஒண்ணுமில்ல" என்றான் அகுஸ்தேன். "வெளிச்சம் எதிரடிக்குது. அதான்."

வாசலுக்குப் போகும் வழியில் முப்பத்தொன்றாம் எண் இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கூட்டத்தின் மூச்சு பட்டு அந்த ஒரு கண்ணாடி மட்டும் பனித்திருந்தது. பனிக்குள் மனிதன் இல்லை. பாரந்தூக்கிக்கு அப்பால், தகரக் கொட்டகையின் கதவோரம், சின்னதாக ஓர் உருவம். தலையில் ஒரு ரிப்பன். பனி ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. ஆறு காய்ந்தது. கொட்டகை காய்ந்தது. ரிப்பன் கடைசியாகக் காய்ந்தது.

அவன் படிகளில் இறங்கி ஓடினான்.

நடுப்பகல். சைகோன் தூங்கும் நேரம். கடைகளின் மரக்கதவுகள் சாத்திக் கிடந்தன. புளியமர நிழல்களில் ரிக்‌ஷாக்காரர்கள் தங்கள் வண்டிகளிலேயே காலை நீட்டிக் கிடந்தார்கள்; இரண்டு பேரை உலுக்கினான், எழவில்லை. வெயில் தெருவை வெளுத்து வைத்திருந்தது. நிழல் எதற்கும் நீளமில்லை. தன் செருப்புச் சத்தம் சுவர்களில் பட்டு, கொஞ்சம் தாமதித்து, இன்னொருவன் பின்னால் ஓடிவருவது போலத் திரும்பி வந்தது. நின்றான். அதுவும் நின்றது. ஓடினான்.

ரோஸின் முகத்தை நினைக்கப் பார்த்தான். ரிப்பன் வந்தது. கவுன் வந்தது. முன்பல் விழுந்த இடைவெளி வந்ததா? இல்லை. அது போன வருடத்துப் படம். மூக்கு எப்படி இருக்கும்? ஜெர்மேன் மூக்கு மாதிரி. ஜெர்மேன் மூக்கு வந்தது. ரோஸ் வரவில்லை.

வீட்டுச் சன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

ஜெர்மேன் தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள். "ஏன் இப்படி ஓடி வர்றீங்க? சாப்பிட்டாச்சா?"

"ரோஸ் எங்க?"

"உள்ள. ஒரு மணி நேரமா செவுத்தை விட்டு நகரமாட்டேங்குறா. கூப்பிட்டா பதிலும் இல்ல. நீங்களாச்சும் ரெண்டு வெச்சுக் கூட்டியாங்க."

உள்ளறை இருட்டாக இருந்தது. சன்னல் இடுக்கிலிருந்து ஒரே ஒரு கோடு வெளிச்சம், சுண்ணாம்புச் சுவரில். அந்தக் கோட்டில் அவள் நின்றாள். முதுகு சுவரில். குதிகால்கள் சேர்ந்து. பார்வை நேராக.

படம் கழுவும் ஹைப்போவின் வாசனை. வீட்டில் ஹைப்போ இல்லை.

"ரோஸ்."

அவள் பள்ளிக்கூடச் சிலேட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். இரண்டு கையாலும். விரல்கள் வளைந்து. சிலேட்டில் நாலு இலக்கம்.

2216.

இரண்டின் வால் நீளமாக, ஆறின் தலை திறந்து. அது குழந்தை எழுத்து இல்லை. அவன் எழுத்து.

"யாரும்மா இதை எழுதினது?"

"அசையக்கூடாது பப்பா." உதடு மட்டும் அசைந்தது. "நேரா பாத்தாச்சு. இன்னொண்ணு இருக்கு."

"வேணாம். வேணாம்மா. இங்க வா."

அவள் வரவில்லை. அவன் காலும் நகரவில்லை. பின்னால் வாசற்படியில் ஜெர்மேன் நின்றாள்.

ரோஸ் திரும்பினாள். நிதானமாக. நின்ற இடத்திலேயே, குதிகாலில். பழகிய மாதிரி. தோள் சுவரை உரசியது. கன்னம் வெளிச்சக் கோட்டுக்குள் வந்தது. முடி காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது.

வலது காது. பெரிய காது. தடித்த மடல், மேல்விளிம்பில் நெல்முனை அளவுக்கு ஒரு வெட்டு. ரத்தம் இல்லை. ஓரங்கள் வெளுத்து, வழவழப்பாகக் கூடியிருந்தன. ஆறிப் பல வருடங்கள் ஆன தழும்பு.

அவள் அசையாமல் நின்றாள்.

கண்காட்சி அறிவித்தபடி மாலை ஆறு மணி வரை நடந்தது. ஆறேகாலுக்குப் படங்களை இறக்கினார்கள். பதினான்காம் எண்ணைக் கரியமாணிக்கம் அகுஸ்தேன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்ற நாற்பத்தொன்றையும் உறுப்பினர்கள் கண்ணாடியோடு அவரவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.